வியாசர்பாடி கால்பந்துப் படிவம்: லாராவெலில் ரெக்வெஸ்ட் தரவைப் பெறவும் சரிபார்க்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

இணையப் படிவத்துக்கு விதி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: தப்பான தரவு உள்ளே வராமல் எப்படித் தடுப்பது? அதற்குச் சமமான இன்னொரு கேள்வி இருக்கிறது. நான் எழுதும் இந்த விதி எந்த நியாயமான ஆளைத் திருப்பி அனுப்பப்போகிறது? முதல் கேள்விக்கு, இணையத்தளம் கட்ட உதவும் பி.எச்.பி. ஃபிரேம்வொர்க்கான லாராவெல் ஏற்கெனவே பாதி விடை வைத்திருக்கிறது. இரண்டாவதற்கு எந்த ஃபிரேம்வொர்க்கிலும் விடை கிடையாது. படிவத்தை நிரப்பப்போகிறவரைத் தெரிந்தவர்தான் அதை எழுத முடியும்.

அதனால் உதாரணத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்வோம். வடசென்னையில் கால்பந்து என்றால் வியாசர்பாடி. அங்கே 15 வயதுக்குட்பட்டோருக்கு ஓர் எழுவர் கால்பந்துப் போட்டி நடப்பதாகவும், அதற்கு இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் கொள்ளுங்கள். மொத்தம் 16 அணிகள், அணிக்கு 7 முதல் 12 ஆட்டக்காரர்கள். நிரப்புகிறவர் பயிற்சியாளர். அவர் மேசை முன்னால் உட்கார்ந்து நிரப்பப்போவதில்லை. மைதான ஓரத்தில் வெயிலில் நின்றுகொண்டு, கீறல் விழுந்த போனில், நடுநடுவே பிள்ளைகளை அதட்டிக்கொண்டு நிரப்புவார். ஒவ்வொரு விதியை எழுதும்போதும் அவர் நினைவில் இருக்கட்டும்.

பி.எச்.பி.யும் லாராவெலின் அடிப்படையும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஜாங்கோ, எக்ஸ்பிரஸ் பக்கம் இருப்பவர்களுக்கும் விதிகளின் பெயர்கள் மாறுமே தவிர, சிக்கல்கள் இவையேதான்.

1. ரெக்வெஸ்ட்டில் வருவது எதுவும் உங்களுடையது அல்ல

ரெக்வெஸ்ட் என்பது பிரவுசர் சர்வருக்கு அனுப்பும் கோரிக்கை. அதன் யு.ஆர்.எல்.லில் இருக்கும் எண், கேள்விக்குறிக்குப் பின்னால் வருபவை, படிவத்தின் கட்டங்கள், கோப்புகள், குக்கி, ஹெடர் எல்லாமே அனுப்புகிறவரின் கையில் இருக்கின்றன. மறைத்து வைத்த கட்டமும் அப்படித்தான். பதிவுக் கட்டணத்தை மறைகட்டத்தில் எழுதி அனுப்பி, திரும்பி வந்ததை அப்படியே பணப் பக்கத்துக்குக் கொடுக்கும் தளங்களை இன்றும் பார்க்க முடிகிறது. பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறக்கத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பையன் 1500-ஐ 1 ஆக்கிவிடுவான். கட்டணத்தைப் படிவத்தில் வாங்கவே வேண்டாம். சர்வரில் கணக்கிடுங்கள்.

பிரவுசரில் வைக்கும் சோதனை நிரப்புகிறவரின் வசதிக்காக மட்டுமே. கட்டம் காலியாக இருப்பதை உடனே சொல்வதற்கு அது நல்லது, கட்டாயம் வையுங்கள். ஆனால் ‘கர்ல்’ போன்ற கட்டளைக் கருவியால் பக்கத்தைத் திறக்காமலே ரெக்வெஸ்ட் அனுப்பலாம் என்பதால், பாதுகாப்புக் கணக்கில் அதன் மதிப்பு பூஜ்யம்.

இன்னொன்று: படிவத்திலிருந்து வருவது எல்லாம் எழுத்துச் சரமாகவே வரும். ஜெர்சி எண் 7 என்பது எண் 7 அல்ல, ‘7’ என்ற எழுத்து. லாராவெலின் ‘இன்டிஜர்’ விதி அதைச் சோதிக்கும்; மாற்றித் தராது. சோதனையில் தேறிய பிறகும் அது சரமாகவே இருக்கும். எண்ணாக வேண்டுமென்றால் மாடலில் ‘காஸ்ட்’ எழுதுங்கள், அல்லது ரெக்வெஸ்ட்டின் ‘இன்டிஜர்’ மெத்தடால் எடுங்கள்.

2. குறியீட்டுக்கு முன் ஒரு தாள்

எடிட்டரைத் திறக்குமுன் ஒரு தாளில் கட்டங்களை எழுதிக்கொள்ளுங்கள். அணியின் பெயர், மாநகராட்சி மண்டலம், முகவரி, பின்கோடு, பயிற்சியாளரின் பெயர், கைபேசி எண், ஆட்டக்காரர் பட்டியல்; ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் பெயர், பிறந்த தேதி, ஜெர்சி எண், புகைப்படம். பெற்றோர் ஒப்புதலுக்கு ஒரு டிக்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே, ‘இது இல்லாவிட்டால் போட்டி நின்றுவிடுமா?’ என்று கேளுங்கள். நிற்காது என்றால் அடித்துவிடுங்கள். யாரோ பழக்கதோஷத்தில் ஆதார் எண் என்று ஒரு வரி சேர்த்திருப்பார். முதலில் அதை அடியுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் குழந்தைதான். அவர்களின் தரவைக் கையாள பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது அந்தச் சட்டம். உங்களிடம் இல்லாத தரவு கசியவும் கசியாது, அதற்கு விதி எழுதும் வேலையும் இல்லை.

3. ஃபார்ம் ரெக்வெஸ்ட் வகுப்பு

கன்ட்ரோலருக்குள்ளேயே ‘வேலிடேட்’ என்று அழைத்து விதிகளைக் கொடுக்கலாம். மூன்று கட்டம் உள்ள படிவத்துக்கு அது போதும். இந்தப் படிவத்துக்கு ஆர்ட்டிசன் கட்டளையால் தனி ஃபார்ம் ரெக்வெஸ்ட் வகுப்பு ஒன்றை உருவாக்குங்கள். கன்ட்ரோலரின் மெத்தடில் சாதாரண ரெக்வெஸ்ட்டுக்குப் பதிலாக இந்த வகுப்பைக் குறிப்பிட்டால், சோதனை முடிந்த பிறகுதான் கன்ட்ரோலருக்குள் கால் வைக்க முடியும்.

புதிதாக உருவான வகுப்பில் ‘ஆதரைஸ்’ மெத்தட் ‘இல்லை’ என்று திருப்பி அனுப்பும்படிதான் எழுதப்பட்டிருக்கும். அதை மாற்றாமல் ஓட்டினால் 403 வரும். இது பிழையல்ல, நல்ல பழக்கம்: யார் இதைச் செய்யலாம் என்று நீங்கள் சொல்லும்வரை எவருக்கும் அனுமதி இல்லை. எரிச்சலில் அதை ‘ஆம்’ என்று மாற்றிவிட்டுப் போகாதீர்கள். புதிய பதிவை யாரும் செய்யலாம், சரி. ஆனால் பதிந்த அணியைத் திருத்தும் பக்கத்தில், கொருக்குப்பேட்டை அணியின் பட்டியலை எருக்கஞ்சேரிப் பயிற்சியாளர் திருத்தக் கூடாது. யு.ஆர்.எல்.லில் இருக்கும் அணி எண்ணை மாற்றிப் பார்ப்பது அவருக்கு ஒரு நொடி வேலை. அந்த அணி உள்நுழைந்தவருடையதுதானா என்பதைக் கேட்க வேண்டிய இடம் இதுவே.

4. முதலில் துடையுங்கள், பிறகு சோதியுங்கள்

லாராவெல் இரண்டு வேலைகளைத் தானாகவே செய்துவிடுகிறது. ரெக்வெஸ்ட் உள்ளே வரும் வழியில் ஓடும் மிடில்வேர் ஒன்று, கடவுச்சொல் கட்டங்களைத் தவிர மற்றவற்றின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை வெட்டும். இன்னொன்று, காலியான சரத்தை ‘நல்’, அதாவது மதிப்பே இல்லாதது, ஆக்கும். இரண்டாவதைத் தெரிந்துவைத்திருப்பது முக்கியம். கட்டாயமில்லாத ஒரு கட்டத்துக்கு ‘ஸ்டிரிங்’ என்று மட்டும் விதி எழுதினால், காலியாக விட்டவருக்கு ‘இது எழுத்தாக இருக்க வேண்டும்’ என்ற விசித்திரமான பிழை வரும். ‘நல்லபிள்’ என்பதையும் சேர்த்தால் சரியாகிவிடும்.

மீதியை ‘பிரிப்பேர் ஃபார் வேலிடேஷன்’ என்ற மெத்தடில் நீங்கள் செய்ய வேண்டும். கைபேசி எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நடுவில் இடைவெளி விட்டு எழுதுவார். இன்னொருவர் முன்னால் பூஜ்யம் போடுவார். போனின் தொடர்புப் பட்டியலிலிருந்து ஒட்டுகிறவருக்குக் கூட்டல் குறியோடு 91 வந்து விழும். இவர்கள் மூவரும் சரியான எண்ணைத்தான் தந்திருக்கிறார்கள். இவர்களைத் திட்டுவது உங்கள் சோம்பேறித்தனம். இலக்கங்களைத் தவிர மற்றதை நீக்குங்கள். மிஞ்சியது 12 இலக்கமாக இருந்து 91-இல் தொடங்கினால் அந்த 91-ஐ வெட்டுங்கள். 11 இலக்கமாக இருந்து பூஜ்யத்தில் தொடங்கினால் பூஜ்யத்தை வெட்டுங்கள். நீளத்தைப் பார்க்காமல் 91-ஐ வெட்டிவிடாதீர்கள். 91-இல் தொடங்கும் பத்து இலக்கக் கைபேசி எண்கள் நிறையவே இருக்கின்றன.

இந்தத் துடைப்பு, சோதனைக்கு முன்பே ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம். கைபேசிக் கட்டத்தில் சரத்துக்குப் பதிலாக ஒரு பட்டியலை யாராவது அனுப்பினால் உங்கள் துடைப்பு வரி அங்கேயே உடைந்து 500 என்ற சர்வர் பிழையைக் காட்டும். வந்தது சரம்தானா என்று ஒரு வரியில் பார்த்துவிட்டுத் துடையுங்கள். இல்லையென்றால் தொடாமல் விடுங்கள், அதற்கான பிழையை விதி சொல்லிக்கொள்ளும்.

தமிழில் தட்டச்சுகிறவர்கள் வரும் படிவத்தில் இன்னொரு துடைப்பும் தேவை. ‘கொடுங்கையூர்’ என்பதன் முதல் எழுத்தைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகளாக அடுக்குவது மற்றொன்று. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பைட் பைட்டாக ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒரே அணி இரண்டு விசைப்பலகைகளிலிருந்து இரண்டு முறை பதிந்தும் ‘யுனிக்’ விதி கண்டுபிடிக்காமல் போக இது ஒரு வழி. தேடலில் அணி அகப்படாமல் போவதும் இதனால்தான். பி.எச்.பி.யின் ‘இன்டல்’ நீட்சியில் உள்ள ‘நார்மலைசர்’ வகுப்பு இதற்கென்றே இருக்கிறது. அதன் இயல்பான ‘சி’ வடிவத்துக்கு எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டுச் சோதனைக்கு அனுப்புங்கள்.

5. பெயர்

அதிகமான ஆட்களை அநியாயமாகத் திருப்பி அனுப்பும் கட்டம் பெயர்தான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து இரண்டையும் கட்டாயமாக்குவது வேறு ஊரின் வழக்கம். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து இருக்கும், அதுவும் சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். கட்டாயப்படுத்தினால் புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள், அல்லது அதே பெயரை மீண்டும் எழுதுவார்கள். பிறகு சான்றிதழில் ‘கார்த்திக் கார்த்திக்’ என்று அச்சாகும். ‘முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம் போதும்.

அடுத்தது எழுத்துகள். பெயரில் எழுத்து மட்டுமே இருக்க வேண்டும் என்று நினைத்து, யூனிகோடின் ‘எல்’ வகையை, அதாவது எழுத்து வகையை மட்டும் அனுமதிக்கும் ரெஜெக்ஸை (சரத்தின் அமைப்பைச் சோதிக்கும் குறிப்பு) எழுதுவார்கள். ஆங்கிலப் பெயர்களில் அருமையாக வேலை செய்யும். ‘குமார்’ என்று கொடுத்தால் நிராகரிக்கும். ஏனென்றால் யூனிகோடில் க, ம, ர ஆகியவை எழுத்து வகை; உகரக் குறி, கால், புள்ளி மூன்றும் ‘எம்’ என்ற குறி வகை. இரண்டு வகைகளையும் அனுமதித்தால்தான் தமிழ்ப் பெயர் உள்ளே வரும். லாராவெலின் ‘ஆல்ஃபா’ விதி இரண்டையும் ஏற்கும், ஆனால் இடைவெளியையும் இனிஷியலின் புள்ளியையும் ஏற்காது. ஆகவே இந்தக் கட்டத்துக்குச் சொந்த ரெஜெக்ஸ்தான்: எழுத்து, குறி, இடைவெளி, புள்ளி, இணைப்புக்கோடு, ஒற்றை மேற்கோள். யூனிகோடாகப் படிக்கச் சொல்லும் ‘யு’ கொடியைக் கடைசியில் போட மறந்தால் ரெஜெக்ஸ் பைட்டுகளைப் பார்க்கும், எல்லாம் தப்பாகும்.

ஒற்றை மேற்கோள் எதற்கு என்று கேட்கலாம். பெரம்பூரில் ரயில்வே பணிமனைகளை ஒட்டி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. ‘டி’சூசா’ என்ற பையனைப் பார்த்துப் ‘பெயரில் தகாத குறி’ என்று படிவம் சொன்னால் தகாதது படிவம்தான். மேற்கோள் குறியைத் தடுத்தால், டேட்டாபேஸ் கட்டளைக்குள் வேறு கட்டளையை நுழைக்கும் எஸ்.க்யூ.எல். தாக்குதலைத் தடுத்ததாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. அதைத் தடுப்பது, மதிப்புகளைக் கட்டளையோடு ஒட்டாமல் தனியாக அனுப்பும் பைண்டிங் முறை. லாராவெலின் டேட்டாபேஸ் பகுதியான எலோகுவென்ட் அதைத் தானே செய்கிறது. அதேபோல, பெயரில் எச்.டி.எம்.எல். குறிகள் வந்தால் பக்கத்தில் காட்டும்போது, லாராவெலின் பக்க வார்ப்பான பிளேடின் இரட்டை நெளிவு அடைப்பு அதைச் செயலிழக்கச் செய்யும். உள்ளே வாங்கும்போது சோதிப்பது ஒரு வேலை, வெளியே காட்டும்போது காப்பது வேறு வேலை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது.

நீளம். ‘முத்துக்கிருஷ்ணன்’ என்பதில் நம் கணக்கில் 9 எழுத்துகள். லாராவெலின் ‘மேக்ஸ்’ விதி யூனிகோடு குறியீடுகளை எண்ணுவதால் அதற்கு 17. யூ.டி.எஃப்-8 பைட்டில் 51. ஆங்கிலப் பெயரை மனத்தில் வைத்து 20 என்று வரம்பு போட்டால், இந்தப் பெயரோடு இனிஷியலும் தந்தை பெயரும் சேரும்போது வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். 100 வையுங்கள், டேட்டாபேஸ் நெடுவரிசையையும் அதே அளவில் வையுங்கள். நெடுவரிசை விதியைவிடச் சின்னதாக இருந்தால் சோதனையில் தேறிய பெயர் சேமிக்கும்போது உடையும்.

6. பிறந்த தேதி

‘டேட்’ விதியை இந்தப் படிவத்தில் தொடாதீர்கள். அது பி.எச்.பி.யின் தாராளமான தேதி வாசிப்பை நம்பியிருக்கிறது. 05/06/2012 என்று சாய்கோட்டோடு எழுதினால் அமெரிக்க முறைப்படி மே 6 என்று படிக்கும். 05-06-2012 என்று சிறுகோட்டோடு எழுதினால் ஜூன் 5 என்று படிக்கும். ஒரு பிள்ளையின் பிறந்தநாள் கோட்டின் சாய்வைப் பொறுத்து மாறக் கூடாது. 13/06/2012 என்றால் பிழை காட்டும் என்பதால் அப்போதாவது கண்டுபிடிக்கலாம். 12 தேதிக்குள் பிறந்தவர்களின் தரவுதான் சத்தமில்லாமல் மாறிப்போகும்.

‘டேட் ஃபார்மட்’ விதியில் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒரே வடிவத்தைச் சொல்லிவிடுங்கள். பிரவுசரின் தேதிக் கட்டம் எந்த மொழியில் காட்டினாலும் அனுப்புவது அந்த வடிவத்தில்தான். பிப்ரவரி 31 போன்ற இல்லாத நாட்களையும் இந்த விதி பிடித்துவிடும்.

வயது வரம்பை எல்லைக் கோட்டில் வைத்து யோசியுங்கள். 2026 ஜனவரி 1 அன்று 15 வயது நிறைந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை என்றால், 2011 ஜனவரி 1 அன்று பிறந்தவன் வெளியே, 2 அன்று பிறந்தவன் உள்ளே. ‘ஆஃப்டர்’ விதியில் 2011 ஜனவரி 1-ஐக் கொடுத்தால் சரியாக அதுவே நடக்கும். ‘ஆஃப்டர் ஆர் ஈக்வல்’ என்றால் ஒருவன் கூடுதலாக நுழைவான். அந்த ஒருவனை வைத்துத்தான் அரையிறுதியில் சண்டை வரும்.

‘இன்றைய தேதி’யை ஒப்பிடும் விதி ஏதாவது இருந்தால் நேர மண்டலத்தையும் பாருங்கள். லாராவெலின் இயல்பு நிலை உலகப் பொது நேரமான யு.டி.சி. நம் ஊரில் நள்ளிரவு தாண்டி காலை 5.30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். பதிவின் கடைசி நாள் முடிந்தும் விடியும்வரை படிவம் திறந்திருந்தது எப்படி என்று குழம்ப வேண்டாம். அமைப்புக் கோப்பில் ஆசியா/கொல்கத்தா என்று மாற்றுங்கள்.

7. முகவரியும் பின்கோடும்

கதவு எண்ணுக்கு ‘இன்டிஜர்’ எழுதுகிறவர் சென்னையில் கடிதம் வாங்கியதே இல்லை என்று பொருள். ‘பழைய எண் 14, புதிய எண் 31’ என்றும், 14/31 என்றும், அதற்குப் பின்னால் ‘மூன்றாவது குறுக்குத் தெரு, இரண்டாம் மாடி’ என்றும்தான் எழுதுவார்கள். முகவரி ஒரு சரம், 255 வரை நீளம், அவ்வளவுதான்.

பின்கோடு 1972 முதல் நாட்டில் இருக்கிறது. ஆறு இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யமாக இருக்காது. 600-இல் தொடங்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் ஆசை வரும், ஏனென்றால் வியாசர்பாடி 600039, திருவொற்றியூர் 600019, எண்ணூர் 600057. ஆனால் மின்சார ரயிலில் வந்துபோகும் மீஞ்சூர் 601203. அவர்களும் விளையாட வரலாம் என்றால் ஆறு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவில் விட்ட இடைவெளியை இங்கேயும் துடைப்பில் நீக்குங்கள். சேமிக்கும்போது எண்ணாக அல்ல, சரமாக.

மண்டலத்தைத் தட்டச்சுச் செய்யச் சொல்ல வேண்டாம். தண்டையார்பேட்டையை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியும் என்பதற்குக் கடைப் பலகைகளே சாட்சி. மாநகராட்சியின் மண்டலங்களில் வடக்கே உள்ள திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகியவற்றோடு ‘மற்றவை’ என்பதையும் தேர்வுப் பட்டியலில் வையுங்கள். வந்த மதிப்பு அந்தப் பட்டியலில் உள்ளதுதானா என்று ‘இன்’ விதியால் சோதியுங்கள். தேர்வுப் பட்டியலில் இல்லாததையும் அனுப்ப முடியும் என்பதால் இந்தச் சோதனை தேவை.

8. ஆட்டக்காரர் பட்டியல்

பட்டியலுக்கு ‘அரே’, குறைந்தது 7, அதிகபட்சம் 12. மேல் வரம்பைப் போட மறக்கிறவர்கள் அதிகம். மறந்தால் ஒருவர் ஆயிரம் பேரை அனுப்பி சர்வரைத் திணறவிடலாம். ஒவ்வோர் ஆட்டக்காரருக்குள்ளும் எந்தெந்தச் சாவிகள் வரலாம் என்று ‘அரே’ விதியிலேயே பெயர் சொல்லி அனுமதியுங்கள். உள்ளே உள்ளவற்றுக்கு நட்சத்திரக் குறி போட்டு விதி எழுதினால் அது எல்லோருக்கும் ஓடும்.

ஜெர்சி எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. ‘பிட்வீன் 1, 99’ என்று மட்டும் எழுதினால் 5000 என்பது தேறிவிடும். ‘இன்டிஜர்’ அல்லது ‘நியூமெரிக்’ விதி கூட இல்லாதபோது லாராவெல் மதிப்பை அளக்காது, நீளத்தை அளக்கும்; 5000-இன் நீளம் 4, அது 1-க்கும் 99-க்கும் இடையில்தான் இருக்கிறது. முதலில் ‘இன்டிஜர்’, பிறகு ‘பிட்வீன்’. இதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று: ஜெர்சியில் இருப்பதைப் பார்த்து 07 என்று எழுதுகிற பயிற்சியாளரை ‘இன்டிஜர்’ விதி நிராகரித்துவிடும். முன் பூஜ்யத்தைத் துடைப்பில் நீக்குங்கள். ஒரே எண் இருவருக்கு வராமல் ‘டிஸ்டிங்க்ட்’ பார்த்துக்கொள்ளும்.

ஒப்புதல் டிக்கைப் பற்றிச் சுருக்கமாக. டிக் செய்யாத கட்டம் ‘இல்லை’ என்று வருவதில்லை, வரவே வராது. ஒப்புதல் கட்டாயம் என்பதால் ‘அக்செப்டட்’ விதி. இங்கே ‘பூலியன்’ விதி உதவாது, ஏனென்றால் பிரவுசர் அனுப்பும் ‘ஆன்’ என்ற சொல்லை அது ஏற்காது.

9. புகைப்படங்கள்

கோப்புக்கு ‘மேக்ஸ்’ எழுதும்போது அலகு கிலோபைட். 2 என்று எழுதிவிட்டு மெகாபைட் என்று நினைக்க வேண்டாம். ‘மைம்ஸ்’ விதி கோப்பின் பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் படித்து வகையைக் கணிக்கிறது, அது நல்லது.

உங்கள் விதி வரைக்கும் கோப்பு வந்து சேருமா என்பதுதான் பெரிய கேள்வி. என்ஜின்எக்ஸ் சர்வரின் இயல்பு வரம்பு 1 மெகாபைட். அதைத் தாண்டினால் லாராவெலைத் தொடாமலே, அளவு மிகப் பெரிது என்ற 413 பிழை போகும். பி.எச்.பி.யில் ஒரு கோப்புக்கு 2 மெகாபைட், மொத்த ரெக்வெஸ்ட்டுக்கு 8 மெகாபைட், கோப்புகளின் எண்ணிக்கை 20. பன்னிரண்டு பேரின் படத்தை இன்றைய போனில் எடுத்து ஒரே படிவத்தில் அனுப்பினால் எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கும், ஆனால் அளவு வரம்புகள் தாங்காது. வரம்பை உயர்த்திக்கொண்டே போவதைவிட, பட்டியலைத் தனியாகச் சேமித்துவிட்டு, ஒவ்வொருவரின் படத்தையும் அடுத்த பக்கத்தில் ஒன்றொன்றாக வாங்குவது மேல். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் ஒன்பதாவது படத்தில் அறுந்தால் அந்த ஒன்றைத்தான் மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். பிழையோடு படிவம் திரும்பும்போது பிரவுசர் கோப்புக் கட்டத்தை மீண்டும் நிரப்பித் தராது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

வந்த கோப்பின் பெயரை அப்படியே பயன்படுத்தாதீர்கள். ‘ஸ்டோர்’ மெத்தட் புதுப் பெயர் வைத்துச் சேமிக்கும். சிறுவர்களின் படங்கள் என்பதால் எல்லோரும் திறக்கக்கூடிய பப்ளிக் கோப்புறையில் வைக்க வேண்டாம்.

10. தேறியதை மட்டும் எடுங்கள்

இவ்வளவு விதியும் எழுதிவிட்டு, சேமிக்கும் வரியில் ‘ஆல்’ மெத்தடைப் போட்டுப் படிவத்தில் வந்த எல்லாவற்றையும் மாடலிடம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் ஜன்னலைத் திறந்துவைத்த கதை. யாராவது ‘கட்டணம் செலுத்தப்பட்டது: 1’ என்று ஒரு கட்டத்தைத் தாமாகச் சேர்த்து அனுப்பினால், மாடல் அதை அனுமதித்திருந்தால், அது டேட்டாபேஸில் போய் உட்கார்ந்துவிடும். 2012 மார்ச்சில் கிட்ஹப் தளத்திலேயே இப்படி நடந்தது. அங்கே இருந்தது ரெயில்ஸ். படிவத்தோடு கூடுதலாக ஒரு மதிப்பை அனுப்பிய ஒருவர், தமக்கு உரிமையில்லாத களஞ்சியத்தில் எழுதிக் காட்டினார்.

‘வேலிடேட்டட்’ மெத்தட், விதி எழுதப்பட்ட கட்டங்களை மட்டுமே தரும். அதையே எப்போதும் எடுங்கள். மாடலில், மொத்தமாக நிரப்ப அனுமதிக்கும் கட்டங்களைச் சொல்லும் ‘ஃபில்லபிள்’ பட்டியலையும் சுருக்கமாக வையுங்கள். ஒன்று தவறினாலும் மற்றது நிற்கும்.

11. கடைசி இடத்துக்கு இரண்டு அணிகள்

‘யுனிக்’ விதி செய்வது ஒரு கேள்வி: இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா? கேட்ட நேரத்துக்கும் சேமித்த நேரத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறதென்று பயிற்சியாளர் பொத்தானை இருமுறை தட்டினால் இரண்டு ரெக்வெஸ்ட்டுகளும் ‘இல்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு இரண்டும் சேமிக்கப் போகும். டேட்டாபேஸ் அட்டவணையிலேயே யுனிக் இண்டெக்ஸ் இருந்தால்தான் இரண்டாவது நிற்கும். அப்போது எழும் எக்செப்ஷனைப் பிடித்து ‘இந்த அணி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது’ என்று சொல்லுங்கள்.

16 அணி வரம்பும் அப்படித்தான். 15 அணி இருக்கும்போது இரண்டு பேர் ஒரே நொடியில் வந்தால், எண்ணிப் பார்த்துச் சேமிக்கும் சாதாரணக் குறியீடு இருவரையும் உள்ளே விடும். டிரான்ஸாக்ஷனுக்குள், அட்டவணையில் போட்டிக்கு உரிய வரிசையை வேறு ரெக்வெஸ்ட் காத்திருக்கும்படி ‘லாக் ஃபார் அப்டேட்’ செய்து, பிறகு எண்ணி, பிறகு சேமியுங்கள். திருத்தும் பக்கத்தின் ‘யுனிக்’ விதியில் அந்த அணியின் சொந்த வரிசையை விலக்க ‘இக்னோர்’ சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அணி தன் பெயரோடு தானே மோதும்.

12. திருப்பி அனுப்பும்போது மரியாதை

சாதாரணப் படிவமாக இருந்தால் பிழைகளோடும் நிரப்பியவற்றோடும் லாராவெல் முந்தைய பக்கத்துக்கே திருப்பி அனுப்பும்; பதிலை ஜேசன் வடிவில் கேட்டால் 422 என்ற பிழை எண்ணோடு தரும். நிரப்பியது மீண்டும் தெரிய ஒவ்வொரு கட்டத்திலும் ‘ஓல்டு’ எழுதியிருக்க வேண்டும். பன்னிரண்டு பெயரை எழுதியவரிடம் ஒரு பின்கோடு தப்புக்காகக் காலிப் படிவத்தைக் காட்டினால் அவர் திரும்பி வரமாட்டார்.

செய்தியைத் தமிழில், தமிழாகவே எழுதுங்கள். ‘பிளேயர்ஸ் புள்ளி 3 புள்ளி ஜெர்சி செல்லாதது’ என்று காட்டுவதில் யாருக்கும் பயன் இல்லை. ‘மெசேஜஸ்’ மெத்தடில் ‘பொசிஷன்’ என்ற இடக்குறியைப் பயன்படுத்தினால் வரிசை எண் ஒன்றிலிருந்து கிடைக்கும். ‘இண்டெக்ஸ்’ பூஜ்யத்திலிருந்து எண்ணும், அது நமக்கு வேண்டாம். ‘4-வது ஆட்டக்காரரின் ஜெர்சி எண் வேறொருவருக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது’ என்று சொன்னால் அவர் நேராக அங்கே போய்த் திருத்துவார்.

419 பிழையையும் கவனியுங்கள். செஷன் காலம் இயல்பாக 120 நிமிடம். பயிற்சியாளர் பாதி நிரப்பிவிட்டுப் பயிற்சி முடிந்து இரவில் தொடர்ந்தால், படிவம் உங்கள் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் டோக்கன் காலாவதியாகியிருக்கும்; அப்போது வருவதுதான் 419. இந்தப் படிவத்துக்குக் காலத்தை நீட்டுவதோ, இடையிடையே வரைவாகச் சேமிப்பதோ நியாயம்.

13. சோதனைகள்

ஒவ்வொரு விதிக்கும் இரண்டு சோதனை: தடுக்க வேண்டியதைத் தடுக்கிறதா, விட வேண்டியதை விடுகிறதா. இரண்டாவதைத்தான் யாரும் எழுதுவதில்லை. விட வேண்டிய பெயர்களாக ‘எஸ். முத்துக்கிருஷ்ணன்’, ‘அ. முகமது இப்ராஹிம்’, ‘டி’சூசா’, ‘குமார்’ ஆகியவற்றை ஒரு டேட்டா புரொவைடரில் போட்டு எல்லாம் தேறுகின்றனவா என்று பாருங்கள். முகவரிக்கு 14/31. பின்கோட்டுக்கு இடைவெளியோடு 600 039. தேதிக்கு எல்லையின் இரு பக்கமும் ஒவ்வொன்று. தடுக்க வேண்டியவற்றில் 5000 என்ற ஜெர்சி, கைபேசிக் கட்டத்தில் ஒரு பட்டியல், பதின்மூன்றாவது ஆட்டக்காரர், தானாகச் சேர்த்த கட்டணக் கட்டம். மீண்டும் மீண்டும் அனுப்பிச் சோதிக்கிறவர்களுக்கு ரூட்டில் ‘த்ராட்டில்’ போட்டால், கோரிக்கைகள் மிக அதிகம் என்ற 429 போகும், ஆனால் வரம்பைத் தாராளமாக வையுங்கள். ஒரே கைபேசி நிறுவனத்தின் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து பல பேர் வரக்கூடும்.

படிவம் ஓடத் தொடங்கிய பிறகு ‘ஃபெயில்டு வேலிடேஷன்’ மெத்தடில் எந்தக் கட்டத்தில் எந்த விதி தோற்றது என்பதை மட்டும் பதிவேட்டில் எழுதுங்கள். மதிப்பை எழுத வேண்டாம், அதில் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். ஒரே விதி திரும்பத் திரும்பத் தோற்றால், நிரப்பியவர்களைக் குறைசொல்லும் முன் அந்த விதியை எடுத்துப் படித்துப் பாருங்கள்.